உரியாத கறுப்பு

அருள்மொழியின் இடது கட்டைவிரல் நகம் கோணலாக முளைத்திருக்கும். பண்ருட்டிப் பக்கத்துப் பெண்களுக்கு அடையாளம் காண அது போதும். கல்லின்மேல் முந்திரிக்கொட்டையை நிறுத்தி மரக்கட்டையால் தட்டும்போது குறி தவறினால் அடி விழுவது அந்த விரலில்தான். 2004இல் அவள் துணை சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில், தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கி வந்தவர்கள் முதலில் அந்த நகத்தைத்தான் பார்த்தார்கள். "நர்சம்மா, நீங்களும் ஒடச்சவங்களா?" என்று கேட்டுவிட்டு, பிறகு குழந்தையை நம்பிக் கொடுத்தார்கள்.

உடைத்தவள்தான். பள்ளிக்கூடம் விட்டதும், விடுமுறை என்றால் முழுப் பகலும், பொன்னுரங்கம் முதலாளியின் கொட்டகையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து உடைத்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, நர்சு பயிற்சிக்குப் போய், ஊர் ஊராக வேலை பார்த்து, கடைசியில் பிறந்த ஊருக்கு இரண்டு மைல் தள்ளி வந்து சேர்ந்தாள். அரசாங்கம் அவளுக்குக் கொடுத்த வேலை கர்ப்பிணிகளும் குழந்தைகளும். பெண்கள் கொண்டுவந்த வேலை வேறு. வெள்ளைப்படுதல், இறங்கிப்போன கர்ப்பப்பை, யாரிடமும் சொல்லாத கட்டி, அரிப்பு. "கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போ" என்றால், "டாக்டர் மூஞ்சியப் பாத்தா எனக்கு வாயே தொறக்காது, நீயே பாரேன்" என்பார்கள். அவள் கதவைச் சாத்திவிட்டுப் பார்ப்பாள். அவளுக்குத் தெரிந்ததற்கு மருந்து, தெரியாததற்குக் கடலூர்.

எது தெரியும், எது தெரியாது என்பதில்தான் அவள் தவறினாள்.

கொட்டகையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து உடைத்தவள் ராசம்மாள். அருள்மொழிக்குப் பத்து வயது மூத்தவள். கணவன் சிங்காரம் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். கொட்டகையில் ராசம்மாளின் வாய் ஓய்ந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், உடம்பு சரியில்லையோ என்று. அருள்மொழி வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு முதல்முறை கொட்டகைக்குச் சொட்டு மருந்துப் பெட்டியோடு வந்தபோது, எல்லோரும் எழுந்து நிற்க, ராசம்மாள் மட்டும் கட்டையைக் கீழே வைக்காமல் கேட்டாள்:

"என்னாடி அருளு, ஊசி போடற கை ஆயிட்டா கொட்டை ஒடைக்கறது மறந்துடுமா? தோ, ஒண்ணு ஒடச்சிட்டுப் போ. பருப்பு ரெண்டாச்சின்னா உனக்கு டீ கெடையாது."

அருள்மொழி உட்கார்ந்து உடைத்தாள். பருப்பு முழுசாக வந்தது. டீ கிடைத்தது.

முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் எரியும், கொப்பளிக்கும், அப்புறம் அந்த இடம் கறுத்துப்போகும். அதனால்தான் உடைக்கிறவர்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொள்வார்கள். ஆனாலும் தப்பாது. கொட்டகையில் கழிப்பறை கிடையாது, அவசரத்துக்கு முந்திரித் தோப்புக்குள்தான் ஓட வேண்டும். கை கழுவாமல் ஓடினவளுக்கு எங்கெல்லாம் எண்ணெய் படும் என்று சொல்லவேண்டியதில்லை. ஒருத்தி காலை அகட்டி நடந்து வந்தால் கொட்டகையே சிரிக்கும். "எங்கடி கைய வச்ச?" என்பது அங்கே ஓயாத கேலி. படாதவள் ஒருத்தியும் இல்லை. அருள்மொழிக்கே பதினாலு வயதில் பட்டிருக்கிறது. மூன்று நாள் பாவாடை கட்ட முடியாமல் அழுதிருக்கிறாள்.

2006 சித்திரையில், சீசன் உச்சத்தில், ஒரு மத்தியானம் ராசம்மாள் சுகாதார நிலையத்துக்கு வந்தாள். கேலி இல்லாமல் வந்தாள்.

"ஒண்ணுக்குப் போற எடத்துல ஒரு கறுப்பு இருக்குதுடி. குளிக்கச்சே பாத்தேன். லேசா நமநமன்னுது."

"சாம்பலு பூசாம தோப்புக்கு ஓடினியாக்கா?"

"நாப்பது வருசமா ஒடைக்கறவளுக்கு நீ பாடம் எடுக்கறியா?"

"நாப்பது வருசமா ஒடைக்கறவங்கதான் மறப்பாங்க. வா, படு."

டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாள். பிறப்புறுப்பின் இடது உதட்டில், உள்பக்கமாக, ஒரு கடலை அளவுக்குத் தட்டையான கறுப்பு. அருள்மொழிக்குச் சிரிப்புத்தான் வந்தது. இது தெரியாதா அவளுக்கு? வேறு ஊரிலிருந்து வந்த நர்சாக இருந்திருந்தால் பயந்துபோய் அன்றைக்கே கடலூருக்கு எழுதிக் கொடுத்திருப்பாள்.

"எண்ணெதான்கா. தேங்காயெண்ணெ வை. உரிஞ்சிடும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

ராசம்மாள் எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். பழைய குரல் திரும்பிவிட்டது. "இதுக்குப் போயி ஒரு வேள கூலியப் போக்கிக்கினேன். உன்னோட டீய நீ குடு இன்னிக்கி."

அதன் பிறகு ஒரே ஒரு முறைதான் பேச்சு வந்தது. ஆறேழு மாதம் கழித்து, பண்ருட்டி பஸ் நிலையத்தில். அருள்மொழி ஒரு பிரசவ கேஸைக் கடலூர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ராசம்மாள் கையில் பக்கோடாப் பொட்டலத்தோடு வந்து, காதோரம் சொன்னாள்: "அது அப்பிடியேதான் இருக்குதுடி."

"மறுபடி பட்டிருக்கும்கா. நீ எங்க கைய வச்சிக்கினு சும்மா இருக்கற!"

ராசம்மாள் சிரித்துக்கொண்டே அவள் முதுகில் ஒரு அடி வைத்தாள். பஸ் கிளம்பிவிட்டது.

மறுவருஷம் ஆடி மாதம். தீமிதித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். ராசம்மாள் கோயில் பக்கம் போகவில்லை. வருஷா வருஷம் கூழ் ஊற்றுகிற இடத்தில் முன்னால் நிற்கிறவள் எங்கே என்று அருள்மொழி வீட்டுக்கே தேடிப் போனாள். ராசம்மாள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நான் எப்பிடிடி கோயிலுக்கு வர்றது? வயசுக்கு வந்துட்டேன்."

"என்னாக்கா ஒளர்ற?"

"அம்பத்திமூணு வயசுல. நின்னு நாலு வருசம் ஆச்சி, இப்ப திரும்ப வந்துட்ச்சி. உங்க மாமா கிட்ட சொன்னேன், சீர் வரிச ரெடி பண்ணுய்யான்னு."

அருள்மொழி சிரிக்கவில்லை. நின்ற பிறகு வரும் ரத்தம் என்றால் என்ன என்று அவளுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை அவள் மறக்கவும் இல்லை. உள்ளே கூட்டிப்போய், கதவைத் தாழிட்டு, பார்த்தாள்.

ரத்தம் கர்ப்பப்பையிலிருந்து வரவில்லை. அந்தக் கறுப்பிலிருந்து வந்தது. கடலை அளவு இருந்தது இப்போது புளியங்கொட்டையைவிடப் பெரியது. ஓரம் ஒழுங்கில்லாமல் கறை ஊறினதுபோலப் பரவியிருந்தது. ஓரிடத்தில் கரி, ஓரிடத்தில் பழுப்பு, ஓரிடத்தில் நீலம் கலந்த சாம்பல் நிறம். நடுவில் மேடிட்டு, மேட்டின் தலை புண்ணாகிக் கசிந்துகொண்டிருந்தது. அருள்மொழியின் கை தானாகவே ராசம்மாளின் தொடை இடுக்குக்குப் போயிற்று. தோலுக்கு அடியில் கெட்டியாக, அழுத்தினால் நகராத ஒரு உருண்டை.

"என்னாடி, பேசாம இருக்க?"

"நாளைக்கிக் காலைல கடலூர் போறோம்கா."

"கொட்டகைக்கு லீவு சொல்லல."

"நான் சொல்லிக்கறேன்."

காலை பஸ்ஸில் நெல்லிக்குப்பம் தாண்டும்வரை ராசம்மாள் பேசிக்கொண்டே வந்தாள். மருமகள் வைக்கும் குழம்பு, முதலாளியின் புது பைக், அடுத்த சீட்டில் தூங்கி விழுகிறவரின் வழுக்கை. அருள்மொழி ம் கொட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள்.

கடலூரில் அவர்கள் பார்த்தது வயதான பெண் மருத்துவர் ஒருவரை. பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். "எவ்வளவு நாளா இருக்கு இது?"

"போன வருசம் சித்திரைலேர்ந்து," என்றாள் ராசம்மாள்.

"ஒரு வருஷத்துக்கு மேல! யார்கிட்டயும் காட்டலையா?"

"முந்திரிக்கொட்டை எண்ணெ பட்டுக்கிச்சின்னு நெனச்சோம் டாக்டரம்மா."

"யாரு சொன்னது எண்ணெய்னு?"

அருள்மொழி வாயைத் திறந்தாள். அதற்குள் ராசம்மாள் சொல்லிவிட்டாள்: "கொட்டகைல எவளோ ஒருத்தி சொன்னா. எங்களுக்கு என்னாத்தத் தெரியும்?"

மருத்துவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். "இதை நான் இங்க தொடக்கூடாது. சிதம்பரத்துக்குப் போங்க, இன்னிக்கே. துணுக்கு எடுத்து டெஸ்ட்டு பண்ணணும்." பிறகு அருள்மொழியின் வெள்ளைச் சேலையைப் பார்த்து, "நல்லவேளை, நீங்களாவது கூட்டிட்டு வந்தீங்க சிஸ்டர்," என்றார்.

வெளியே வந்ததும் அருள்மொழி வராந்தாவிலேயே அவளை நிறுத்தினாள். "ஏன்கா அப்பிடிச் சொன்ன?"

"எப்பிடிச் சொன்னேன்? சிதம்பரம் பஸ்சு எந்தப் பக்கம் நிக்கும், அதப் பாரு."

சிதம்பரத்தில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் டாக்டர் எழிலரசி துணுக்கு எடுத்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். எதையும் பாதியில் விடாமல் கேட்கிறவர். முடிவுக்காக அவர்கள் மறுபடி போனபோது, ராசம்மாளையும் சிங்காரத்தையும் வெளியே உட்காரவைத்துவிட்டு, அருள்மொழியை மட்டும் முதலில் அழைத்தார்.

"மெலனோமா. தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்லுல வர்ற புற்றுநோய். வெள்ளைக்காரங்களுக்கு வெயில்பட்டு வரும்னு படிச்சிருப்பீங்க. இது வெயிலே படாத இடத்துல வர்ற வகை, ரொம்ப அபூர்வம். நான் பார்க்கிறதுல இது ரெண்டாவது."

"தொடை இடுக்குல கட்டி..."

"ஆமா. அங்கயும் போயிருக்கு." மருத்துவர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். பிறகு உண்மையான ஆர்வத்தோடு கேட்டார்: "கேஸ் ஷீட்ல முந்திரி எண்ணெய்னு போட்டிருக்கே, அது என்ன? எனக்கு ஊர் தஞ்சாவூர், நான் கேள்விப்பட்டதே இல்ல. எண்ணெய் பட்டா எப்படி இருக்கும்?"

அருள்மொழி பரீட்சையில் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "முதல்ல எரியும் மேடம். நெருப்பு பட்ட மாதிரி, உக்கார முடியாது. மறுநாள் கொப்பளிக்கும். அப்பறம் கறுத்துடும். பதினஞ்சு நாள்ல அந்தக் கறுப்புத் தோலு உரிஞ்சி விழுந்துடும். அடியில புதுசா செவப்பா தோலு..."

அங்கே நின்றுவிட்டாள்.

"இவங்களுக்கு எரிஞ்சுதா?" என்று கேட்டார் மருத்துவர்.

எரியவில்லை. நமநமக்கிறது என்றுதான் ராசம்மாள் சொன்னாள். கொப்பளிக்கவில்லை. மூன்று நாள் பாவாடை கட்டமுடியாமல் அழுதவளுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. பதினைந்து நாள் கழித்து உரிந்ததா என்றும் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து ராசம்மாளே வந்து உரியவில்லை என்று சொன்னபோது, அருள்மொழி பஸ் நிலையத்தில் நின்று கேலி பேசினாள். இந்த நோயின் பெயர் தெரியாதது அவள் குற்றம் இல்லை. எண்ணெய் இல்லை என்று சொல்லத் தேவையானது அத்தனையும் பதினாலு வயதிலிருந்து அவளுக்குத் தெரியும்.

"மேடம், கடலை அளவு இருந்தப்பவே வந்திருந்தா?"

எழிலரசி அவள் முகத்தைப் பார்த்தார். யார் சொன்ன எண்ணெய் என்று அந்த நிமிஷத்தில் அவருக்குப் புரிந்திருக்கலாம்.

"உறுதியா சொல்ல முடியாது சிஸ்டர். இது பொல்லாத நோய், சின்னதுலயே பரவினதும் உண்டு. ஆனா அப்ப எடுத்திருந்தா வாய்ப்பு இதைவிட நல்லாவே இருந்திருக்கும். கண்ணால பாத்து எங்களாலயும் சொல்ல முடியாது. சாதாரணக் கறுப்பு மச்சமும் அங்க இப்படி வரும். எடுத்து டெஸ்ட்டு பண்ணினாதான் தெரியும்."

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் கண்டுபிடிக்கச் சொல்லி அருள்மொழியை யாரும் கேட்கவில்லை. அனுப்பிவைக்க வேண்டியது ஒன்றுதான் அவள் வேலை.

அறுவை சிகிச்சை நடந்தது, தொடை இடுக்குக் கட்டியையும் எடுத்தார்கள். புண் ஆற வெகுநாள் ஆயிற்று. இடது கால் வீங்கி, செருப்புக்குள் போகாமல் ஆனது. ராசம்மாள் அந்தக் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, கொட்டகையில் மறுபடி உட்கார்ந்து உடைத்தாள், அந்த ஒரு சீசன் மட்டும். சிங்காரம் மூட்டைக்குப் போவதை விட்டுவிட்டு மனைவியைச் சைக்கிளில் கொண்டுவந்து விடுவார், சாயங்காலம் வந்து கூட்டிப்போவார். "கல்யாணம் ஆன புதுசுல இப்பிடி ஏத்திக்கினு போகச் சொன்னா வெக்கம் அந்தாளுக்கு," என்று ராசம்மாள் எல்லோருக்கும் கேட்கச் சொல்வாள்.

அந்தக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டுதான் அவள் இன்னொரு வேலையும் பார்த்தாள். "அருளு மட்டும் பாக்கலன்னா நான் அன்னிக்கே போயிருப்பேன். பெரிய டாக்டருக்கே புரியாதத கண்டுபுடிச்சவ அவ. உங்களுக்கு எதுனா இருந்தா மூடி வச்சிக்காதீங்கடி, அருளு கண்ணுக்குத் தப்பாது." சுற்று வட்டாரமெல்லாம் அதைத்தான் சொன்னது. பத்தும் பன்னிரண்டுமாகப் பெண்கள் வந்தார்கள், காட்டூரிலிருந்தும் புதுப்பேட்டையிலிருந்தும்கூட. அருள்மொழி ஒவ்வொருத்தியையும் பார்த்து, சந்தேகம் என்று தோன்றியதையெல்லாம் கடலூருக்கு அனுப்பினாள்.

2009 ஐப்பசி மழையில் ராசம்மாளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரையீரலுக்குப் போய்விட்டது என்று சிதம்பரத்தில் சொல்லிவிட்டார்கள். அருள்மொழி தினமும் போய்ப் பார்த்தாள். ஒரு நாள் வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது, தாங்கமுடியாமல் கேட்டுவிட்டாள்.

"அக்கா, நான்தான் எண்ணென்னு சொன்னேன். உனக்குத் தெரியும். அப்பறம் ஏன் ஊரெல்லாம் இப்பிடிச் சொல்லிக்கினு இருக்க? எனக்கு வெளிய தல காட்ட முடியல."

ராசம்மாள் தலையணையில் சாய்ந்து மூச்சை இழுத்துக்கொண்டாள். ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவில் ஓய்வு வேண்டியிருந்தது.

"நீ தப்பாச் சொன்னன்னு நான் சொன்னா... இவளுங்க உங்கிட்ட வருவாளுங்களா?"

"வர மாட்டாங்க."

"அப்பறம் யாருகிட்டடி காட்டுவாளுங்க?" மூச்சை இழுத்துவிட்டு மறுபடி சொன்னாள். "யாருகிட்டயும் காட்ட மாட்டாளுங்க. கெடந்து சாவாளுங்க. எனக்கு உன் மேல கோவம் இல்லன்னு நெனைக்காத. இருக்குது. நெறயவே இருக்குது. அதுக்கு என்னா பண்ணச் சொல்ற?"

அருள்மொழி அவள் காலைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தாள். ராசம்மாள் கார்த்திகை பிறக்குமுன் போய்விட்டாள்.

2011 கடைசியில் தானே புயல் அடித்தது. பண்ருட்டிச் சுற்றிலும் முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்தன. பொன்னுரங்கம் முதலாளி வெளியூரிலிருந்து கொட்டை வாங்கி வந்து, பாதி ஆட்களோடு கொட்டகையை ஓட்டினார். அடுத்த மாசி மாதம் அங்கிருந்து தில்லையம்மாள் என்று ஒருத்தி வந்தாள். இருபத்தைந்து வயது, கல்யாணமாகி வந்த புது மருமகள். காலை அகட்டி நடந்து வந்தாள், கூச்சத்தில் முகம் சிவந்திருந்தது.

அருள்மொழி பார்த்தாள். கொப்பளித்துக் கறுத்த தோல்.

"எரிஞ்சுதா?"

"உயிரே போச்சி நர்சம்மா. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

"எண்ணெயாத்தான் இருக்கும். ஆனா நான் சொல்றது தப்பாவும் இருக்கலாம். பதினஞ்சு நாளு கழிச்சி வந்து காட்டணும்."

தில்லையம்மாள் சிரித்தாள். "நீங்களா தப்பா சொல்லுவீங்க? ராசம்மாக்கா சொன்னத எங்க மாமியா இன்னும் சொல்லிக்கினு இருக்குது. அருளு கண்ணுக்குத் தப்பாதாம்."

"தப்பிச்சிடுச்சி. ராசம்மாக்காவோடதுதான்."

தில்லையம்மாள் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டாள். நர்சம்மா ரொம்ப நல்ல மாதிரி என்று கொட்டகையில் போய்ச் சொன்னாள். உரிந்துவிட்டதே, இனி எதற்குக் காட்டவேண்டும் என்று நினைத்து, வரச் சொன்ன நாளில் அவள் வரவில்லை. அருள்மொழி அன்று சாயங்காலமே கொட்டகைக்குப் போய்விட்டாள். ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். மூட்டைகளுக்குப் பின்னால் அவளைக் கூட்டிப்போய், இன்னொருத்தியைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, டார்ச்சைப் போட்டாள்.

கறுப்பு முழுக்க உரிந்திருந்தது. அடியில் புதுத் தோல், ரோஜா நிறத்தில், மழமழவென்று.

"அதான் சொன்னேனே நர்சம்மா, போயிடுச்சி."

"ம். போயிடுச்சி."

அப்படிச் சொன்ன பிறகும் டார்ச்சை அணைக்காமல், குனிந்தபடி, அருள்மொழி அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"போதும் நர்சம்மா," என்றாள் தில்லையம்மாள் நெளிந்துகொண்டு. "இன்னும் என்னாத்த அப்பிடிப் பாக்கறீங்க?"